உஷார்! சர்வர் ஸ்கிரிப்டுக்குள் பைப் போட்டிருக்கிறீர்களா?

இந்தக் கட்டுரையை அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் சர்வரில் பேக்கப் சேரும் ஃபோல்டரைத் திறந்து, ஃபைல்களின் அளவை மட்டும் ஒரு பார்வை பாருங்கள். பெயர் ஒழுங்காக இருக்கும். தேதி ஒழுங்காக இருக்கும். ராத்திரிக்கு ஒன்று என்று ஒரு நாள்கூட விடாமல் வரிசையாக இருக்கும். அளவு மட்டும் 20 பைட் என்று காட்டினால், உங்களிடம் பேக்கப் என்று ஒன்று கிடையாது. உடனே கையால் ஒரு பேக்கப் எடுத்துவிட்டு வாருங்கள்.

அதென்ன 20 கணக்கு? ஒன்றுமே இல்லாத உள்ளீட்டை ஜிஜிப்பிடம் கொடுத்தால் அது கட்டித் தரும் பொட்டலத்தின் அளவு அது. தலைப்பகுதிக்கு 10 பைட், காலியான உள்ளடக்கத்துக்கு 2, சரிபார்ப்புக்கு 8. சுருக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் ஜிஜிப் தன் வேலையை முறையாகச் செய்து முடித்து, "எல்லாம் சரி" என்று எக்ஸிட் கோட் 0 கொடுத்துவிட்டுப் போகும்.

நடப்பது இதுதான். பிஎச்பியிலோ பைத்தானிலோ ஒரு ஸ்கிரிப்ட். அதற்குள் ஒரே வரியில் மைஎஸ்க்யூஎல்டம்ப், பிறகு ஒரு | குறி, பிறகு ஜிஜிப், பிறகு > போட்டு அன்றைய தேதியில் ஒரு ஃபைல். ஆறு மாதம் அருமையாக ஓடும். ஒரு நாள் யாரோ டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றுகிறார்கள். மைஎஸ்க்யூஎல்டம்ப் "அனுமதி இல்லை" என்று ஸ்டாண்டர்ட் எரரில் ஒரு வரி கத்திவிட்டு வெளியேறுகிறது. அந்த வரியைக் கேட்க யாரும் இல்லை. ஜிஜிப்புக்கு வெறும் காற்று வருகிறது, அதையும் மடித்து வைக்கிறது. உங்கள் ஸ்கிரிப்ட் பொறுப்பாக எக்ஸிட் கோடைச் சோதிக்கிறது. 0. லாகில் "பேக்கப் வெற்றி" என்று எழுதுகிறது. மறுநாளும் எழுதுகிறது. அதற்கு அடுத்த நாளும்.

ஸ்கிரிப்டில் பிழை இல்லை. ஷெல்லின் விதியே அப்படி: பைப்பில் எத்தனை கட்டளைகளைக் கோத்தாலும், கடைசிக் கட்டளையின் எக்ஸிட் கோட்தான் மொத்தத்துக்கும் எக்ஸிட் கோட். முன்னால் நின்றவன் செத்தாலும் பிழைத்தாலும் கணக்கில் வராது.

20 பைட்டாவது கண்ணில் படும். இதைவிட மோசம், பாதியில் நின்ற பேக்கப். 3 ஜிபி டேட்டாபேஸில் 2 ஜிபி எழுதிய பிறகு இணைப்பு அறுந்தால், ஜிஜிப் அந்த 2 ஜிபியை அழகாக மூடி முத்திரை குத்திவிடும். ஃபைல் கெட்டிருக்கிறதா என்று ஜிஜிப்பையே கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்லும், ஏனென்றால் ஜிஜிப்பைப் பொறுத்தவரை அது நல்ல ஃபைல்தான். உள்ளே இருக்கும் கடைசி வரியைப் பார்க்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்டம்ப் முழுதாக முடிந்தால்தான் கடைசியில் "டம்ப் கம்ப்ளீட்டட்" என்று ஒரு குறிப்பு வரி போடும். அந்த வரி இல்லையென்றால் அந்த பேக்கப்பை நம்பாதீர்கள்.

இதெல்லாம் சின்னக் கம்பெனிகளுக்கு வரும் சங்கடம் என்று நினைக்க வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேபில் ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மை டேட்டாபேஸ் சர்வரின் டேட்டா ஃபோல்டரை அழித்தார். 300 ஜிபி அளவில் இருந்ததில் சுமார் 4.5 ஜிபி மிஞ்சியபோதுதான் நிறுத்த முடிந்தது. சரி, தினசரி பேக்கப்பிலிருந்து எடுக்கலாம் என்று போனால் அங்கே ஒன்றும் இல்லை. போஸ்ட்கிரெஸ் சர்வர் 9.6, ஆனால் பேக்கப் எடுக்க ஓடியது 9.2க்கான பிஜி-டம்ப். பதிப்பு பொருந்தவில்லை என்று அது ஒவ்வொரு நாளும் வெளியேறிக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களோ டிமார்க் சோதனையில் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அங்கே குற்றவாளி பைப் இல்லை என்பது உண்மை. ஆனால் நோய் இதே நோய்தான்: ஒரு கட்டளை இன்னொரு நிரலுக்குள்ளிருந்து ஓடுகிறது, தோற்கிறது, தோற்றது யாருக்கும் தெரியவில்லை.

பைப் என்ற யோசனையை பெல் லேப்ஸின் டக் மெக்கில்ராய் 1964இலேயே ஒரு குறிப்பில் எழுதி வைத்தார். 1973இல் கென் தாம்ப்சன் அதை யூனிக்ஸில் சேர்த்தார். அப்போது டெர்மினல் முன் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். பிழைச் செய்தி வந்தால் படித்தார். வெளியீடு சந்தேகமாக இருந்தால் புருவத்தைச் சுருக்கினார். வெகுநேரம் ஒன்றும் வராவிட்டால் நிறுத்தினார். நீங்கள் பைப்பைத் தூக்கி வெப் சர்வரின் ஸ்கிரிப்டுக்குள் வைக்கும்போது கட்டளைகள் மட்டும் வருகின்றன, அந்த ஆள் வருவதில்லை. அவர் கண்ணாலும் கையாலும் செய்த ஒவ்வொன்றையும் நீங்கள் கோடாக எழுத வேண்டும். பெரும்பாலோர் எழுதுவதில்லை. டெர்மினலில் ஒருமுறை ஓடியதை அப்படியே மேற்கோள் குறிகளுக்குள் ஒட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

எக்ஸிட் கோட் சிக்கலுக்கு எல்லாரும் சொல்லும் மருந்து பைப்ஃபெயில். பாஷில் அதைப் போட்டால், பைப்பில் யார் தோற்றாலும் மொத்தமும் தோல்வி. நல்ல மருந்துதான், ஆனால் பத்தியம் உண்டு. பிஎச்பியின் எக்ஸெக், பைத்தானில் ஷெல்லை ட்ரூ என்று வைத்த சப்ப்ராசஸ் இரண்டுமே கூப்பிடுவது பாஷை இல்லை, /பின்/எஸ்எச் என்ற ஷெல்லை. மேக்கிலும் ரெட்ஹாட் வகையறாவிலும் அது பாஷாகவே இருக்கும். உபுண்டுவில் 2006லிருந்தே அது டாஷ். பல பதிப்புகளில் டாஷுக்கு பைப்ஃபெயில் என்றால் என்னவென்றே தெரியாது. "தவறான ஆப்ஷன்" என்று சொல்லி அந்த வரியிலேயே நின்றுவிடும். உங்கள் லேப்டாப்பில் ஓடி, சர்வரில் படுத்துக்கொள்வது இதனால்தான். பைப்ஃபெயில் வேண்டுமென்றால் பாஷைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, பைப்ஃபெயில் போட்ட பிறகு நியாயமான பைப்புகளும் தோல்வி என்று வரத் தொடங்கும். க்ரெப் தேடியது கிடைக்காவிட்டால் 1 என்று திரும்பும். அது பிழை இல்லை, "இல்லை" என்ற பதில். ஹெட் முதல் பத்து வரியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினால், பின்னால் இன்னும் எழுதிக்கொண்டிருந்த கட்டளை சிக்பைப் சிக்னலில் சாகும், கோட் 141 என்று வரும். 128உடன் அந்த சிக்னலின் எண்ணான 13ஐக் கூட்டியது. இதைக் கண்டு பயந்து பைப்ஃபெயிலை எடுத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். எடுக்காதீர்கள். பாஷின் பைப்ஸ்டேட்டஸில் ஒவ்வொரு கட்டளையின் கோடும் தனித்தனியாகக் கிடைக்கும். எது பொறுக்கத்தக்கது என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

அடுத்தது உறைந்துபோவது. சத்தமே இல்லாமல் மொத்தத் தளத்தையும் படுக்க வைக்கும் விஷயம் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

வீடியோ ஏற்றும் ஒரு தளம். பயனர் ஏற்றியதை எஃப்எஃப்எம்பெக் மூலம் மாற்ற வேண்டும். பிஎச்பியில் ப்ராக்-ஓபன் போட்டு, ஸ்டாண்டர்ட் அவுட்டுக்கு ஒரு பைப், ஸ்டாண்டர்ட் எரருக்கு ஒரு பைப் திறக்கிறீர்கள். முதலில் அவுட் பைப்பை முடிவுவரை படிக்கிறீர்கள். அது முடிந்ததும் எரர் பைப்பைப் படிப்பதாகத் திட்டம். பார்த்தால் ஒழுங்கான கோட். 20 வினாடி வீடியோவை வைத்துச் சோதித்தால் பிரமாதமாக ஓடும்.

லினக்ஸில் ஒரு பைப்பின் கொள்ளளவு இயல்பாக 65,536 பைட். எஃப்எஃப்எம்பெக் தன் முன்னேற்ற விவரத்தையெல்லாம் ஸ்டாண்டர்ட் எரரில்தான் கொட்டும்: எத்தனையாவது ஃபிரேம், என்ன வேகம் என்று ஓயாமல். சின்ன வீடியோவில் அது சில ஆயிரம் பைட்டோடு முடிந்துவிடும். இரண்டு மணி நேரக் கல்யாண வீடியோவை யாராவது ஏற்றினால் எரர் பைப் நிரம்பும். நிரம்பிய பைப்பில் எழுதப் போனால் கெர்னல் அந்த ப்ராசஸை அங்கேயே நிறுத்தி வைக்கும், யாராவது படித்து இடம் தரும்வரை. படிக்க வேண்டிய உங்கள் பிஎச்பியோ அவுட் பைப்பின் வாசலில் நிற்கிறது, எஃப்எஃப்எம்பெக் முடிக்கும்வரை. பந்தியில் "நீங்க முதல்ல உட்காருங்க" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நிற்கும் சம்பந்திகள் மாதிரி இரண்டும் நின்றுவிடும். சிபியு பயன்பாடு 0. பிழைச் செய்தி எதுவும் இல்லை.

பிஎச்பிக்கு 30 வினாடி நேர வரம்பு இருக்கிறதே, அது கொன்றுவிடாதா? கொல்லாது. லினக்ஸில் அந்த வரம்பு உங்கள் ஸ்கிரிப்ட் தானே உழைத்த நேரத்தைத்தான் எண்ணும். வெளிக் கட்டளைக்காகக் காத்திருந்த நேரம் கணக்கில் வராது. பயனர் பக்கத்தில் 60 வினாடியில் என்ஜின்எக்ஸ் பொறுமையிழந்து 504 காட்டும். அவர் என்ன செய்வார்? திரும்ப ஏற்றுவார். பிஎச்பி-எஃப்பிஎம்மின் ஆரம்ப அமைப்பில் ஒரே சமயம் வேலை செய்யக்கூடிய ப்ராசஸ்கள் 5. ஆக, ஐந்து முறை யாராவது முயன்றால் போதும், உங்கள் தளத்தின் எல்லாப் பக்கங்களும் நின்றுபோகும், வீடியோவுக்குச் சம்பந்தமே இல்லாத "எங்களைப் பற்றி" பக்கம் உட்பட. எஃப்பிஎம் லாகில் "உச்ச வரம்பை எட்டிவிட்டது, கூட்டலாமா பாருங்கள்" என்று ஒரு வரி வரும். அதை நம்பி 5ஐ 50 ஆக்குவார்கள். ஒரு வாரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

சந்தேகம் இருந்தால், நிற்கும் எஃப்எஃப்எம்பெக் ப்ராசஸின் எண்ணைக் கண்டுபிடித்து எஸ்ட்ரேஸ் போட்டுப் பாருங்கள். ரைட் அழைப்பில், அடைப்புக்குறிக்குள் 2 என்று தொடங்கி, வரி முடியாமல் அப்படியே நின்றிருந்தால் வியாதி இதுதான். 2 என்பது ஸ்டாண்டர்ட் எரர்.

தீர்வு சிக்கலானதில்லை. எரரைப் பைப்பாகத் திறக்காமல் ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிடுங்கள். ஃபைல் டிஸ்க் உள்ளவரை நிரம்பாது, பிறகு படித்துப் பார்க்கவும் உதவும். இரண்டையும் பைப்பில்தான் வாங்க வேண்டுமென்றால் எதில் தரவு வந்திருக்கிறதோ அதை மாறி மாறிப் படிக்க வேண்டும். அதைக் கையால் எழுதாமல் சிம்ஃபோனியின் ப்ராசஸ் லைப்ரரியிடம் விட்டுவிடலாம். 60 வினாடி நேர வரம்பையும் அதுவே போட்டுவிடும், வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பைத்தானில் கம்யூனிகேட் இதற்காகவே இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக்கைப் பொறுத்தவரை, அது ஸ்டாண்டர்ட் இன்னிலிருந்தும் விசை அழுத்தங்களை எதிர்பார்த்துப் படிக்கும் பழக்கமுள்ளது. அதை அடைக்க "நோ-எஸ்டிடிஇன்" ஆப்ஷனைச் சேர்க்க மறக்க வேண்டாம்.

இதே முட்டுக்கட்டை வேறு வேடங்களிலும் வரும். சார்ட்டுக்குத் தரவை எழுதிவிட்டு அதன் உள்வாயை மூட மறந்தால், இன்னும் வரும் என்று அது காத்திருக்கும். ஒரு கட்டளைக்குப் பெரிய தரவை முழுதாக எழுதி முடித்த பிறகுதான் பதிலைப் படிப்பேன் என்றால், அது பாதியிலேயே பதில் எழுதத் தொடங்கி அதன் பைப் நிரம்பி நிற்கும். டெர்மினலில் வரிவரியாகப் பேசிய நிரல் பைப்புக்குள் வாயே திறக்காமலும் இருக்கலாம். எதிரில் டெர்மினல் இல்லை என்று தெரிந்ததும் பல நிரல்கள் வெளியீட்டைச் சேர்த்து வைத்து மொத்தமாகத்தான் தள்ளும்.

நோட்-ஜேஎஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். உங்களிடம் எக்ஸெக் கட்டளையின் வெளியீடு 1 எம்பியைத் தாண்டினால் குழந்தை ப்ராசஸையே கொன்றுவிடும். இரண்டு ப்ராசஸ்களை பைப் மெத்தடால் இணைத்தால் முதலாவதில் நேர்ந்த பிழை இரண்டாவதுக்குச் சொல்லப்படாது. இரண்டாவது முன்கூட்டியே வெளியேறி, அதன் உள்வாயில் நீங்கள் இன்னும் எழுதிக்கொண்டிருந்தால் "ஈபைப்" என்று ஒரு எரர் ஈவென்ட் வரும். அதைப் பிடிக்க ஆள் வைக்காவிட்டால் விழுவது அந்தக் குழந்தை மட்டுமில்லை, உங்கள் முழு சர்வர் ப்ராசஸும் சேர்ந்து விழும். ஸ்ட்ரீம் மாட்யூலில் உள்ள பைப்லைன் ஃபங்ஷன் இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவற்றைப் பார்த்துக்கொள்ளும். எக்ஸிட் ஈவென்ட் வந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். குளோஸ் வரும்வரை வெளியீடு பாக்கி இருக்கலாம்.

நேர வரம்பு போட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷெல் வழியாகப் பைப் ஓடினால், உங்கள் நேரடிக் குழந்தை அந்த ஷெல்தான். மற்றவை பேரப்பிள்ளைகள். நேரம் கடந்ததும் பைத்தான் ஷெல்லைக் கொல்லும், பேரப்பிள்ளைகள் அநாதையாக ஓடிக்கொண்டே இருக்கும். அவை அந்தப் பைப்பைப் பிடித்துக்கொண்டிருப்பதால் பைத்தானும் காத்துக்கொண்டே இருக்கலாம். புது செஷனில் தொடங்கி, குழு மொத்தத்துக்கும் சிக்னல் அனுப்பினால்தான் எல்லாம் சாகும்.

இனி எல்லாரும் எச்சரிக்கும் விஷயம். பயனர் தட்டச்சு செய்ததை ஷெல் கட்டளைக்குள் ஒட்டாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, இன்னும் ஒட்டுகிறார்கள். டொமைன் பெயர் கேட்கும் பெட்டியில் ஒருவர் பெயருக்குப் பின் ; போட்டு இன்னொரு கட்டளையை எழுதினால் ஷெல்லுக்கு அது இரண்டாவது கட்டளை, அவ்வளவுதான். $( ) போட்டால் அதையும் ஓட்டிப் பார்க்கும். இதற்கு எஸ்கேப் ஃபங்ஷன்கள் இருக்கின்றன. அதைவிட நல்ல வழி, ஷெல்லையே கூப்பிடாமல் கட்டளையையும் அதன் ஆர்கியுமென்ட்களையும் பட்டியலாகத் தருவது. பைத்தானிலும் நோடிலும் இது எப்போதும் உண்டு. பிஎச்பியில் 7.4லிருந்து ப்ராக்-ஓபன் பட்டியலை ஏற்கிறது. ஷெல் இல்லையென்றால் ;க்கும் |க்கும் எந்த அர்த்தமும் இல்லை, வெறும் எழுத்துகள்.

ஆனால் பட்டியலாகத் தந்துவிட்டேன், இனி கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள். 2016 டிசம்பரில் பிஎச்பிமெயிலர் லைப்ரரியில் வெளிவந்த ஓட்டையை (சிவிஇ-2016-10033) நினைவிருக்கிறதா? வேர்ட்பிரஸ், ட்ருபல், ஜூம்லா என்று எங்கும் பரவியிருந்த லைப்ரரி அது. அனுப்புநர் முகவரி பிஎச்பியின் மெயில் ஃபங்ஷனுக்கு ஐந்தாவது ஆர்கியுமென்டாகப் போய், அங்கிருந்து சென்ட்மெயில் கட்டளைக்குப் போகும். மின்னஞ்சல் முகவரியில் மேற்கோள் குறிக்குள் இடைவெளி விடுவது விதிப்படி செல்லும். அந்த இடைவெளிக்குப் பின் -எக்ஸ் என்று ஆரம்பித்து ஒரு ஃபைல் பெயரை எழுதினால், சென்ட்மெயில் அதைத் தனக்கு வந்த ஆப்ஷன் என்று எடுத்துக்கொண்டு, மொத்த அஞ்சல் உரையாடலையும் அந்த ஃபைலில் எழுதும். ஃபைல் வெப் ஃபோல்டருக்குள், பிஎச்பி என்ற நீட்டிப்போடு. அஞ்சலின் உடலில் பிஎச்பி கோட். மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. ; இல்லை, | இல்லை, ஆபத்தான கட்டளை எதுவும் இல்லை. நியாயமான நிரல், தனக்குத் தெரிந்த ஆப்ஷனை நியாயமாக நிறைவேற்றியது. முதல் திருத்தம் வந்த சில நாளிலேயே அதையும் தாண்டிவிட்டார்கள். இரண்டு எஸ்கேப் ஃபங்ஷன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒன்றின் பாதுகாப்பை இன்னொன்று குலைத்தது. பயனர் தரும் எதுவும் - குறியில் தொடங்கினால் ஆப்ஷனாக மாறலாம் என்பதை மனதில் வையுங்கள். ஆப்ஷன்கள் முடிந்தன என்று சொல்லும் -- குறியை அதற்கு முன் வையுங்கள், ஃபைல் பெயரானால் முன்னே ./ சேருங்கள்.

நீங்கள் சுத்தமாகக் கூப்பிட்டாலும், கூப்பிடப்பட்ட நிரல் தன் பங்குக்கு ஒரு ஷெல்லைத் திறக்கலாம். 2016 மே மாதம் வெளியான இமேஜ்டிராஜிக் (சிவிஇ-2016-3714) அப்படித்தான். இமேஜ்மேஜிக் சில வடிவங்களைப் படிக்க வெளிக் கட்டளைகளை ஷெல் வழியாக ஓட்டியது. படத்துக்குள் இருந்த ஒரு வலை முகவரியை வடிகட்டாமல் அந்தக் கட்டளையில் ஒட்டியது. புரொஃபைல் படம் என்று ஒன்றை ஏற்றினால் சர்வர் கைக்கு வந்துவிடும். 2021இல் எக்ஸிஃப்டூலில் இன்னொன்று. அது ஃபைலின் நீட்டிப்பைப் பார்க்காமல் உள்ளடக்கத்தைப் பார்த்து வகை முடிவு செய்யும். ஜேபெக் என்று பெயர் வைத்த டேஜாவு ஃபைலைக் கொடுத்தால் அதற்குள் எழுதியிருந்த கோட் ஓடியது. ஏற்றப்படும் படங்களை எக்ஸிஃப்டூலிடம் தள்ளிக்கொண்டிருந்த கிட்லேப், லாகின்கூட செய்யாத ஒருவருக்கு வழி திறந்து வைத்ததாக ஆயிற்று (சிவிஇ-2021-22205). தீவிரம் 10க்கு 10. படம், வீடியோ, பிடிஎஃப் எதுவானாலும் இத்தகைய நிரல்களைத் தனிக் கன்டெய்னரிலோ, குறைந்தபட்சம் எந்த உரிமையும் இல்லாத தனிப் பயனராகவோ ஓட்டுவதே என் பரிந்துரை. இமேஜ்மேஜிக்கில் தேவையற்ற வடிவங்களைப் பாலிசி ஃபைலில் அடைத்துவிடலாம். இதைச் செய்ய ஒரு மாலைப்பொழுது போதும்.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய குழி ஒன்றும் உண்டு. பிஎச்பியின் எஸ்கேப்-ஷெல்-ஆர்க் ஃபங்ஷன், நடப்பு லோக்கேலில் செல்லாத பைட்டுகளை ஓசையில்லாமல் உதறிவிடும். லோக்கேல் வெறும் சி என்று இருந்தால், பழைய பிஎச்பி பதிப்புகளில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் செல்லாத பைட்டுதான். "வரவு செலவு" என்று பெயரிட்ட பிடிஎஃப் உள்ளே போனால், வெளியே வருவது நடுவில் இருந்த ஒரு இடைவெளியும், புள்ளியும், நீட்டிப்பும். கட்டளை "அப்படி ஒரு ஃபைல் இல்லை" என்று சொல்லும். அது பைப்பின் முதல் கட்டளையாக இருந்தால் அதுவும் வெளியே கேட்காது. இரண்டு பயனர்களின் வெவ்வேறு தமிழ்ப் பெயர்கள் ஒரே வெற்றுப் பெயராகி, ஒருவருடைய ஃபைலை இன்னொருவருடையது மேலெழுதவும் கூடும். லோக்கேலை யுடிஎஃப்-8க்கு மாற்றிவிட்டுக் கூப்பிடுங்கள். இல்லையென்றால், நான் விரும்பும் வழி: ஏற்றிய ஃபைலுக்குச் சர்வரில் நீங்களே ஒரு எண்ணைப் பெயராக வையுங்கள். பயனர் வைத்த பெயர் டேட்டாபேஸில் மட்டும் இருக்கட்டும். - குறிப் பிரச்சினையும் தீரும், பெயர்ப் பிரச்சினையும் தீரும்.

"டெர்மினல்ல ஓடுது, வெப்ல ஓடலை" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம் பாத். வெப் சர்வரும் க்ரானும் உங்களுடைய பாத் அமைப்பைப் பார்ப்பதில்லை. எக்ஸிட் கோட் 127 என்றால் கட்டளையே கிடைக்கவில்லை, 126 என்றால் கிடைத்தது, ஓட்ட அனுமதி இல்லை. முழுப் பாதையை எழுதுங்கள், முடிந்தது. பாஸ்வேர்டைக் கட்டளை வரியில் எழுதாதீர்கள். ஒரே சர்வரில் இருக்கும் வேறொருவர் பிஎஸ் அடித்தால் தெரியக்கூடும்.

சரி, என்ன செய்வது? பைப்பே போடாதே என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஸ்கிரிப்டுக்குள் அதற்கு உண்மையில் தேவை எவ்வளவு என்று கேளுங்கள். ஜிஜிப், க்ரெப், சார்ட் செய்வதை உங்கள் மொழியே செய்யும். பிஎச்பியிலும் பைத்தானிலும் ஜிலிப் உள்ளேயே இருக்கிறது. வெளிக் கட்டளை தவிர்க்க முடியாதது என்றால் பைப்பைத் துண்டாக்குங்கள். முதல் கட்டளையைத் தற்காலிக ஃபைலில் எழுத விடுங்கள். கோட் 0தானா, அளவு நேற்றையதற்குப் பக்கத்தில் இருக்கிறதா, கடைசி வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த கட்டளையைக் கூப்பிடுங்கள். எல்லாம் சரியென்றால்தான் உண்மையான பெயருக்கு மாற்றுங்கள். டிஸ்க் கொஞ்சம் கூடப் போகும், போகட்டும். நிமிடக்கணக்கில் ஓடும் வேலையை வெப் ரிக்வெஸ்டுக்குள் வைக்காமல் க்யூவில் போடுங்கள்.

கோட் முழுவதும் தேட வேண்டியவை: எக்ஸெக், ஷெல்-எக்ஸெக், சிஸ்டம், பாஸ்த்ரு, பிஓபன், ப்ராக்-ஓபன். பிஎச்பியில் ` குறியும் ஷெல்-எக்ஸெக்தான், அதைத் தேட மறப்பார்கள். மெயிலின் ஐந்தாவது ஆர்கியுமென்டைப் பார்த்தோம். ஷெல் வாடையே இல்லாத ஐமேப்-ஓபனையும் சேருங்கள். அஞ்சல் பெட்டியைத் திறப்பதற்கான இந்த ஃபங்ஷன், பழைய பதிப்புகளில் சர்வர் பெயரை ஆர்எஸ்எச் கட்டளைக்குக் கொடுக்கும். டெபியனில் ஆர்எஸ்எச் என்பது எஸ்எஸ்எச்சுக்கே போடப்பட்ட லிங்க். சர்வர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஸ்எஸ்எச்சின் ப்ராக்ஸி-கமாண்ட் ஆப்ஷனை எழுதி, எந்தக் கட்டளையையும் ஓட்ட முடிந்தது (சிவிஇ-2018-19518). எக்ஸெக் முதலியவற்றைத் தடை செய்து வைத்திருந்த ஷேர்டு ஹோஸ்டிங்குகளில்கூட இந்த வழி திறந்திருந்தது. 2018 டிசம்பரில் வந்த பிஎச்பி பதிப்புகள் ஆர்எஸ்எச்சை இயல்பாக அணைத்து வைத்தன. உங்கள் சர்வரில் அதற்கு முந்தைய பிஎச்பி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், தேடலை அங்கிருந்து தொடங்குங்கள்.